தன் பட்டையைத் தானே பார்ப்பது

ஞாயிறு இரவு, திண்டிவனம்.

மலை ஓடையில் கயிறு பிடித்து அருவி வழியாக இறங்கும் கேன்யனிங் பயிற்சிக்குப் போயிருந்தேன். முதல்முறை வந்தவர்கள் பதினைந்து பேர். இறங்கும் முன் ஒருவர் இடுப்புப் பட்டையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமாம். எல்லோரும் ஜோடி சேர்ந்துவிட, நான் மட்டும் மிஞ்சினேன். என் பட்டையை நானே இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பயிற்சியாளர் கவனித்துவிட்டார். "இன்னா சார், தனியா பாத்துக்கினு நிக்கிறீங்க? நம்ம தப்பு நம்ம கண்ணுக்குத் தெரியாதுங்க" என்றவர், தானே இழுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் முறுக்கியிருந்தது.

என் மனைவி விமலா உயிரோடு இருந்தவரை, ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்துத்தான் என்னை வேலைக்கு அனுப்புவாள். நான் என்ன குழந்தையா என்று எரிந்து விழுவேன்.

மூன்று வருடமாக அந்த வாரை நானேதான் மாட்டுகிறேன். எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ.