முப்பத்தோராவது டப்பா

ஆவடி,
18.11.2025

மரியாதைக்குரிய கலியமூர்த்தி ஐயாவுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருத்தி இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் எண் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் புதியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. குவார்ட்டர்ஸில் இருக்கும் ஜெபா அக்காதான் அவர் அம்மாவின் பழைய நோட்டிலிருந்து இந்த நாசிக் முகவரியை எடுத்துக் கொடுத்தார். உங்கள் மனைவி நாகம்மா அம்மாவுக்கு முட்டி வலி குறைந்ததா என்று கேட்கச் சொன்னார்.

என் பெயர் ரோஷினி. நீங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஊழியர் சங்க நூலகத்தில் ஒன்றரை வருடமாக ஒப்பந்த நூலகர். வீடு கரையான்சாவடியில். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். இந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி சார். நேர்காணலில் ஐந்து பேர் முன்னால் வாய் திறக்காமல் நின்றேன். "பேசாத பொண்ணுதான்யா லைப்ரரிக்கு வேணும், போட்டுக்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதை மறந்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

நீங்கள் எடுத்த படச்சுருள்கள் இன்னும் இருக்கின்றன, ஐயா. பின் அறையில், இரும்பு அலமாரியில், மொத்தம் முப்பத்தொரு டப்பாக்கள். சில டப்பாக்களில் வினிகர் மாதிரி புளித்த வாடை. அந்த அறையைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏ.சி. அறையாக மாற்றப் போகிறார்கள். அதற்காக ஆகஸ்டில் என்னைப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: பயனுள்ளது, பயனற்றது. படம் காட்டும் கருவி எப்போதோ போய்விட்டது. ஒரு டப்பாவைக்கூடத் திறந்து பார்க்காமல், முப்பத்தொன்றுக்கும் 'பயனற்றது' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். இன்று எல்லோரும் காட்டுவது அந்தத் தாளைத்தான்.

சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர் பானுப்பிரியா மேடம், வாடையில் பிள்ளைகளுக்குத் தலை வலிக்கிறது என்றார். அது உண்மைதான். குழுவில் ஹேமநாதன் சார் மட்டும், கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொண்டு பிறகு தூக்கிப் போடலாமே என்று கேட்டார். அதற்குத் தட்சிணாமூர்த்தி சார், "அத்த பாத்து இன்னா பண்ணப் போற நைனா? பாதிப் பேரு போய்ச் சேந்துட்டான். போட்டுப் பாத்து அழுவப் போறியா? லைப்ரரியன் பொண்ணே வேஸ்ட்டுனு எழுதிக் குட்துகீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை மதியம் காயலான் கடை வண்டி வருகிறது.

அதற்குப் பிறகுதான் டப்பாக்களைத் திறந்தேன். மதிய இடைவேளையில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சின்ன எழுத்து படிக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். சாக்குப் பந்தயம், ஆயுத பூஜை, புது வகுப்பறைத் திறப்பு. எந்தப் படத்தை எடுத்தாலும் கட்டத்தின் இடது மூலையில், வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஒரு சின்னப் பிறை நிழல். முதலில் அழுக்கு என்று துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. சங்கத்தின் கேமராவுக்குள்ளேயே அந்தக் குறை இருந்திருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முப்பது டப்பாக்களில் உங்கள் கையெழுத்தில் பெயர் இருக்கிறது. முப்பத்தோராவதில் எதுவும் இல்லை. பதிவேட்டில் மட்டும் 'பெயர் தெரியாத படம், தபாலில் வந்தது, 12.9.1988' என்று அன்றைய நூலகர் அப்பாவு சார் எழுதி, டப்பாவில் முத்திரையும் குத்தியிருக்கிறார். தபாலில் எது வந்தாலும் யார் எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்காமல் எண் போட்டு அடுக்கிவிடுவாராம். உள்ளே படம் கழுவும் லேபின் சீட்டு இருக்கிறது. எடுத்தவர் யாரோ, கொடுத்தவர் யாரோ, லேப்காரர்கள் சங்கத்துப் படம் என்று நினைத்து, வழக்கம்போல் நூலக விலாசத்துக்கே அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்த வருடம் பொங்கல் விளையாட்டு விழாவோடு கேமரா காணாமல் போனதை ஜெபா அக்காவின் அம்மா சொல்லக் கேட்டேன். படக்குழுச் செயலாளராக இருந்த தட்சிணாமூர்த்தி சார் கூட்டத்தில் எழுந்து, "கடைசியா கலியமூர்த்தி கைலதான் பாத்தேன்" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாராம். திருடன் என்று யாரும் சொல்லவில்லையாம். ஆனால் அடுத்த நாளிலிருந்து கேன்டீனில் உங்கள் மேஜையில் யாரும் உட்காரவில்லையாம். நீங்களே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, இந்த கேட்டுக்குள் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்களாம்.

ஐயா, பெயர் தெரியாத அந்தப் படத்தில் ஒரு கிரகப்பிரவேசம் நடக்கிறது. மாட்டை உள்ளே அழைத்துப் போகிறார்கள். பட்டு வேட்டியில், மீசையோடு, முப்பது வயது தட்சிணாமூர்த்தி சார் வாசலில் நிற்கிறார். பின்னால் தாமரைப் பூ போட்ட பால்கனிக் கம்பி. வானகரத்தில் அவர் வீட்டுக்குத் தீபாவளிக்கு ஸ்வீட் கொடுக்கப் போனபோது அதே கம்பியைத்தான் பார்த்தேன். பொங்கலுக்கு எட்டு மாதம் கழித்து வந்த அந்தப் படத்திலும் இடது மூலையில் அதே பிறை. கேமரா வேறு யார் மூலமாகவோ அவர் வீட்டுக்கு வந்திருக்கலாம், அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம் என்று என்னையே பலமுறை சமாதானப்படுத்திப் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை அவர் பின் அறை வாசலில் வந்து நின்றார். வழக்கமாக அந்தப் பக்கம் வர மாட்டார். "இன்னாம்மா, எல்லாம் மூட்ட கட்டிகினியா? பேர் இல்லாத டப்பா எதுனா கீதா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அவர் கண்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. "இல்லை சார்" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய். லென்ஸ் மேஜை மேலேயே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, "கண்ணு கெட்டுப் போயிடப் போவுது, பாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜனவரியில் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டிய கையெழுத்து அவருடையது.

டப்பாவை என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். கேட்டில் பை சோதனை உண்டு. பிடிபட்டால் நானும் நூலகப் பொருளைத் திருடியவள், படத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். கூட்டத்தில் எழுந்து சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. உறுப்பினரிடம் கடனில் இருக்கும் பொருளைக் கழிக்கக் கூடாது. அவர் திருப்பித் தரும் வரை அது கழிவுப் பட்டியலிலேயே சேராது. படச்சுருள்களைப் படக்குழு அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் கடன் கொடுக்கலாம். பழைய பெட்டியில் ரத்தாகாத ஒரே அட்டை உங்களுடையது. நீங்கள் ஆயுள் உறுப்பினர். யாரும் அதை எடுத்துப் போட நினைக்கவில்லை போலிருக்கிறது. ஓர் அட்டைக்கு இரண்டு படம். மற்றவற்றுக்காக ஹேமநாதன் சாரிடம் எப்படியாவது பேசிப் பார்க்கிறேன்.

நேற்று வழங்கல் பதிவேட்டைத் திறந்து, உங்கள் கையெழுத்தை டப்பாக்களிலிருந்து பார்த்து நானே போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். 'க'வின் முதல் கோடு வரைக்கும் கை போனது. பிறகு மூடிவிட்டேன். உங்கள் பெயரில் ஒரு பொய் முப்பத்தேழு வருடமாக இங்கே இருக்கிறது. இன்னொன்றை நான் சேர்க்கக் கூடாது. அந்த ஒற்றைக் கோடு மட்டும் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. மன்னிக்கவும்.

இதைத்தான் கடைசி வரை தள்ளிக்கொண்டே வந்தேன். பதிவேட்டைத் தபாலில் அனுப்ப முடியாது. உறுப்பினர் நேரில் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் கால் வைக்க மாட்டேன் என்ற அதே கேட் வழியாகத்தான் வர வேண்டும். இருபத்தொன்பதாம் தேதிக்குள் ஒரே ஒரு முறை வாருங்கள், ஐயா. நூலகம் காலை ஒன்பதரைக்குத் திறக்கும், நான் ஒன்பதுக்கே இருப்பேன். வெளியே கொண்டுபோக கேட் பாஸ் எழுதித் தருவது என் பொறுப்பு. அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டுவதோ, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வதோ உங்கள் விருப்பம். யார் வந்து கேட்டாலும், யாருக்குக் கொடுத்தேன் என்று உங்கள் பெயரை இந்த முறை நான் சத்தமாகச் சொல்வேன்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
பணிவுடன்,
ரோஷினி