புகைக்குழாயில் பிடித்த தீ

அன்புள்ள உம்மாவுக்கு, ஸலாம். மோல்மேனில் மழை விட்டதா? உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம்.

யாங்கூனில் கரண்ட் அடிக்கடி போவதால், வீட்டுக்கார மதீனா மாமியும் நானும் விறகடுப்பில்தான் சமைக்கிறோம். ஈர விறகையே எரித்ததில் புகைக்குழாய்க்குள் கரி படிந்து, நேற்று அது தீப்பிடித்துக்கொண்டது. மாமி தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஊத்தாதீங்க மாமி, குழா வெடிச்சிரும்" என்று தடுத்து, அடுப்பு வாயைத் தகரத்தால் மூடினேன். காற்றில்லாமல் தீ அடங்கியது.

"யாரு சொல்லித் தந்தா?" என்றார்.

"எங்க உம்மா" என்றேன்.

கையில் சிறு கொப்புளம், அவ்வளவுதான். குழாயைக் கழற்றித் தட்டிவிட்டோம். இனிக் காய்ந்த விறகு மட்டும்தான்.

மாமி இன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்கு, மகள் வீட்டில் கொஞ்ச நாள் தங்கப் போகிறார். ஒரு ஆளுக்கு மட்டும் மீன் ஆணம் வைக்க எவ்வளவு புளி என்று எழுதுங்கள். நான் வைத்தால் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
ஸமீரா