காந்தத்தைக் குறைத்த வசந்தா மேடம்

1996 ஜூலை 8, திங்கள்
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. நான் வேலை பார்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ராமாயாள் வந்தார், ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர். ஆறு மாதமாக வலிப்பு. படம் முழுக்க ஒரே சாம்பல். சர்ஜன்: "ஒண்ணும் தெரியல. மாத்திரை எழுதி அனுப்பிடலாம்."
எங்கள் ஆஸ்பத்திரி இயற்பியலாளர் வசந்தா மேடம் மட்டும் படத்தைக் கீழே வைக்கவில்லை. என்னிடம் சொன்னார்: "நம்ம மிசின்ல இருக்கறது மின்காந்தம்தானே, செல்வி. கரண்டக் குறைச்சா காந்தப்புலம் குறையும். நல்ல திசுவுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் கூடலாம்."
"படம் மங்கிருமேங்க மேடம்?"
"மங்கும். அதுக்காக ரொம்ப நேரம் எடுப்போம்."

ஜூலை 10, புதன்
புலம் மாறினால் தலையைச் சுற்றி வைக்கும் கம்பிச்சுருளும் மாறணுமாம். கணபதி ஏரியாவில் ஒரு மோட்டார் வைண்டிங் கடை. செம்புக் கம்பி வாங்கி அங்கேயே உட்கார்ந்து மேடமே சுற்றினார். நாலு தடவை பிரித்து, ஐந்தாவது சரி. கடைக்காரர்: "எத்தன ஹெச்.பி. மோட்டாருக்குங்க அம்மணி?" "மனுசத் தலைக்குங்க."
மாலை ஆட்டு மூளை வைத்துச் சோதனை. (வாங்கப் போனது நான். கறிக்கடையில், "வறுவலுக்குங்களா?") பழைய புலத்தில் கலங்கலாகத் தெரிந்தது, குறைத்த பிறகு மடிப்பு மடிப்பாக. கை தட்டிவிட்டேன். வெட்கம்.

ஜூலை 11, வியாழன்
ராமாயாள் நாற்பது நிமிடம் அசையக்கூடாது. "தறிகிட்ட எட்டு மணி நேரம் நிக்கறேனுங்க. படுத்துக் கெடக்கறதுக்கு என்னங்க?"
படத்தில் இடது பக்கம் ஒரு பொட்டு. அவரைக்கொட்டை அளவு. பளிச்சென்று.
சர்ஜன்: "மிசின் கோளாறா இருக்கும்." மேடம் கோபப்படவில்லை. தலையை லேசாகத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தார். கோளாறு என்றால் பொட்டு படத்தில் அதே இடத்தில் நிற்கணும். தலையோடு சேர்ந்து அதுவும் திரும்பியிருந்தது.
சர்ஜன் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணிரலாம். ஆனா பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்துல இருக்குதுங்க மேடம். பேச்சு போனாலும் போகலாம்."


ஜூலை 16, செவ்வாய்
ஆபரேஷன். கட்டி, படத்தில் காட்டிய அதே இடம். முழுசாக எடுத்தாயிற்று. ராமாயாள் கண் திறந்தார். பேச்சில்லை.
மேடம் மதியம் சாப்பிடவில்லை. நானும்.

ஜூலை 18, வியாழன்
ஆடிக் காற்று, ஜன்னல் எல்லாம் அடித்துக்கொள்கிறது. ஒன்பதரைக்கு நர்ஸ் ஓடி வந்து கூப்பிட்டார். வார்டுக்குப் போனோம். ராமாயாள் மேடத்தையே பார்த்தார். உதடு அசைந்தது. அப்புறம் மெதுவாக:
"ஏனுங்க... என்ற தறிய இப்ப யாரு ஓட்டறாங்க?"
மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லார் முன்னாலும், அழுதுவிட்டார்.