பானை வாயில் கட்டிய துணி

கஜா பேராங்,
20.12.1957

அஞ்சலையின் அப்பாவுக்கு,

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. மழைக்குப் பிறகு கிணறு இன்னும் கலங்கலாகத்தான் கிடக்கிறது. போன தடவை நீங்கள் மூன்று பானை அடுக்கிச் செய்துகொடுத்த வடிகட்டியில்தான் குடிதண்ணீர் பிடிக்கிறோம். நீங்கள் சொன்னபடியே வெள்ளிக்கிழமைதோறும் மணலை அலசிக் காயப்போடுகிறேன், சிரட்டைக்கரியை மாற்றுகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். இங்கே இருந்தவரை கோப்பி குடித்த கோப்பையைக்கூடக் கழுவி வைக்காதவர் நீங்கள். மணலை ஏழெட்டுத் தண்ணீர் விட்டு அலசவேண்டும், விறகுக்கரியைவிடச் சிரட்டைக்கரிதான் நல்லது என்றெல்லாம் வேலைக்குப் போன சிகாமட்டில் யார் சொல்லிக்கொடுத்தது? நீங்கள் தங்கியிருக்கும் லயத்து வீட்டில் ஆறு பேரும் ஆண்கள்தான், சமையலே கிடையாது, கடைச் சாப்பாடு என்றுதானே எழுதியிருந்தீர்கள்.

அடிப்பானையின் வாயில் கட்ட உங்கள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தீர்களே, அதை நேற்று துவைத்தேன். நான்கு ஓரமும் நீல நூலால் மடித்துத் தைத்திருக்கிறது. கையால் போட்ட பொடித் தையல். பாசார் கடையில் வாங்கியது என்று எழுதிவிடாதீர்கள். எனக்கும் தைக்கத் தெரியும்.

அடுப்பில் போடத்தான் கை போனது. ஆனால் அதைக் கட்டிய பிறகுதான் பிள்ளைக்கு வயிறு தேறியது. அதனால் காயவைத்துத் திரும்பவும் பானையில் கட்டிவிட்டேன்.

பொங்கலுக்கு வரும்போது நீங்களே அவிழ்த்து, தைத்தவளிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மாற்றுத் துணி நான் தைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் பிள்ளையைப் பெற்றவள்