எஞ்சினை அணைத்துக் கிடந்த இரண்டு வருடம்

உன் தங்கை நேற்று கொண்டுவந்து கொடுத்த கிராஃப் நோட்டு என் மேசைமேல் கிடக்கிறது. வீடு மாற்றும்போது அகப்பட்டதாம். கட்டம் கட்டமாக நீ வரைந்த கடல். அம்புக்குறி போட்டதெல்லாம் எதிரியின் சரக்குக் கப்பல்கள் போகும் வழி. நீ கண்ணை மூடி நான்கு வருடமாகிறது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ராஜபாளையத்து மில் ஆபீஸில் நாம் இருவரும்தான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நீ பஸ்ஸில் வருவாய். மத்தியானம் டிபன் டப்பாவை அவசரமாகக் கழுவிவிட்டு, நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டில் உட்காருவோம். திருச்செந்தூரில் கால் நனைத்ததைத் தவிர கடலறியாத இரண்டு பேர்.

கப்பலைக் கண்டதும் நான் துரத்துவேன். நீ என் கையைத் தட்டிவிடுவாய்.

"ஏட்டி, தொரத்துனா பேட்டரிதான் தீரும். அது வார வழியில முன்னாடி போய், எஞ்சின அணைச்சிட்டுக் கெட."

டார்பிடோ விட்ட பிறகும் அதேதான். ஆழத்துக்குப் போய் எஞ்சினை அணைத்து, மேலே தேடுகிறவன் சலித்துப் போகும்வரை மூச்சுக் காட்டாமல் கிடப்பாய்.

நீ லீவில் இருந்த ஒருநாள், மூன்று மாதமாக நீ பொத்திப் பொத்திக் காப்பாற்றிச் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை நான் எடுத்து ஆடினேன். வழக்கம்போலத் துரத்தப் போய் உன் கப்பலையே தொலைத்தேன். அந்த விளையாட்டில் போனால் போனதுதான். மறுநாள் திரையைப் பார்த்தாய். திட்டவில்லை. நான்தான் என்று நானும் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில், உங்கள் ஊரிலேயே வேலை கிடைத்து, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய்.

ஒரு விளையாட்டுக்காகவா? எனக்கு இன்றும் விளங்கவில்லை. உன் கோபம் தணியும்வரை சத்தம் காட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேர பஸ்தான். இரண்டு வருடம் ஏறவில்லை. உனக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ என்னிடமிருந்து ஒளிந்திருந்தாயா, எனக்காகக் காத்திருந்தாயா? இரண்டுக்கும் உன்னிடம் இருந்தது ஒரே வழிதானே, எஞ்சினை அணைத்துக் கிடப்பது.

"ஒங்க அக்கா எம்மேல கோவமாத்தான் இருந்தாளா?" என்று நேற்று உன் தங்கையிடம் கேட்டே விட்டேன்.

"தெரியலக்கா. ஒங்க பேச்சே எடுக்க மாட்டா. ஆனா ஞாயித்துக்கெழம எங்க கூப்பிட்டாலும் வர மாட்டா. யாரோ வருவாக, நீங்க போயிட்டு வாங்கம்பா."

"வந்தாகளா?"

"ஒருத்தரும் வரல."

அவள் காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள். அந்த யாரோ நானாக இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. நானாக இருந்துவிடக் கூடாதே என்று பயமாகவும் இருக்கிறது.