நீ அணைக்காமலே வைத்திருந்த ஆஸிலோஸ்கோப்

என் அருமை மச்சான் சேகருக்கு,

நாம் இருவரும் நடத்திய ரிப்பேர் கடையைப் போன வாரம் மறுபடி திறந்தேன். கிள்ளானில் எதுவும் மாறவில்லை. உன் மேசையில் இருந்த, மின் அலையைத் திரையில் அளந்து காட்டும் பழைய ஆஸிலோஸ்கோப்பைப் போட்டுப் பார்த்தேன். அலை வந்தது, அளவு எல்லாம் தப்பு. அளவு பிசகாமல் காட்ட நீ மாதக்கணக்கில் பொறுமையாக ஏற்றிய திருத்த எண்கள் ஒன்றுகூட இல்லை.

கழற்றி மெமரி சிப்பைப் பார்த்தேன். அதற்குள் அடைத்து வைத்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் இருக்கும்வரைதான் எண்கள் இருக்கும், போனால் போச்சு. அதனால்தான் நீ அதை அணைத்ததே இல்லையா? "சூடாவே இருக்கட்டும்லா மச்சான்" என்று நீ சொன்னதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் தங்கச்சி தேவி பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்தாள். சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கிக் கடையைப் பூட்டினாள். புருஷன் போன பிறகு பூட்டுகிற கடையை வேறு எப்படி மூடுவாள்?

நேற்று அவள் வந்தபோது சிப் என் கையில் இருந்தது. மெயின் சுவிட்சை இறக்கியதும் எண்கள் போனதை மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான்தான் அழிச்சேனா அண்ணே? அவர் கடைசியா செஞ்ச வேலை அது."

"இல்ல தங்கச்சி. பேட்டரி செத்தது அவனுக்குத் தெரியும். புது சிப்பு டிராயர்லயே கிடக்குது பாரு."

கிடந்தது மச்சான், கவர்கூடப் பிரிக்காமல். பேட்டரியே தேவைப்படாத வகை. எண்களைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவிட்டு மாற்ற அரை நாள் போதும். போர்ட் கிள்ளான்காரர்கள் கொண்டுவந்த கருவிகளுக்கெல்லாம் உடனே செய்து கொடுத்தாய். உன்னுடையதை மட்டும் ஏன் தள்ளிப்போட்டாய்? நெஞ்சு வலியையும் இப்படித்தானே தள்ளிப்போட்டாய்? உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அதைவிட அழுகைதான் முந்திக்கொள்கிறது.

"இதுல அவர் கை பட்டது எதுவுமே மிச்சமில்லையா?" என்று கேட்டாள். நான் கவரைப் பிரித்தேன். புது சிப்பைப் போட்டு, முதலிலிருந்து அளவு வைத்துக்கொண்டிருக்கிறேன். கருவி சரியாகிவிடும். ஆனால் எண்கள் இனி என்னுடையவை.

கிளம்பும்போது கடை விளக்கை அணைக்கச் சொன்னேன். "நீங்களே அணைச்சிடுங்கண்ணே" என்று கையை இழுத்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் தப்பு உன்னுடையது என்றே அவளிடம் சொல்வேன். அவள் மனசு ஆறும்வரை உன்னைத்தான் திட்டப்போகிறேன். பொறுத்துக்கொள்ளடா.

தேவிக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
மணியம்