சனிக்கிழமை பத்தரை மணி

கூட்டத்துக்கு ஒரு நிமிடம்கூடப் பிந்தாத என் தேனக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எங்கள் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்காக, தினமும் பெய்த மழையைக் குறித்துவைக்க ஒரு மென்பொருள் எழுதினாய். பிறகு அதை இலவசமாக வெளியே விட்டாய். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். கென்யாவில் தேயிலைக்கு எடுத்துக்கொண்டார்கள், இன்னும் எங்கெங்கோ எடுத்துக்கொண்டார்கள். திருத்துகிறவர்கள் எல்லாம் சனிக்கிழமைதோறும் பத்தரை மணிக்கு வீடியோ காலில் கூடுவீர்கள்.

ஏன் பத்தரை என்று மலரைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடியற்காலையில் நம் தெருவில்தான் நிற்கும். மாலையில் இங்கேயேதான் ஆட்களை இறக்கும். அதில் ஒன்றை ஓட்டுவது நம் அப்பா. இடைப்பட்ட நேரத்தில்தான் நம் வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும்.

வாராவாரம் அழைப்பு தானாகப் போகும்படி உன் காலண்டரில் வைத்திருந்தாய். நீ காய்ச்சலில் படுத்தபோதும் அது போனது. உன் காரியம் முடிந்த அடுத்த சனிக்கிழமை, கூட்டத்தை நினைவூட்டி, பத்து இருபதுக்கு உன் போன் அடித்தது. அம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். உன் லேப்டாப்பைத் திறந்தேன். பதினொரு பேர் வெளியே காத்திருந்தார்கள். நீ 'உள்ளே விடு' என்று அழுத்தினால்தானே அவர்கள் வர முடியும்? நான் அழுத்தினேன்.

அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் அழுத்தினேன். அவர்களுக்கு வேலை நடக்க வேண்டுமே என்று நினைத்தேன். ஓரமாக உட்கார்ந்து, புரிந்ததை நோட்டில் எழுதுவேன். புரியாதது பக்கம் பக்கமாக இருக்கிறது.

அம்மாவின் செய்தி இது: சனிக்கிழமை மட்டும் ஏலக்காய் பொறுக்கும் கிட்டங்கிக்குத் தாமதமாகப் போக ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமையே உன் போனுக்கு சார்ஜ் போட்டுவிடுவாள். பத்து இருபதுக்கு அது அடித்து ஓயும்வரை பக்கத்தில் நிற்பாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கிளம்புவாள். மேஸ்திரி கேட்டால், "வீட்ல சோலி கெடக்கு" என்பாளாம்.

பெத்ரோவை உனக்கு நினைவிருக்கும். பிரேசிலில் காப்பி விளையும் மலையூர்க்காரர். உன் கடைசி மாதத்தில் வந்து சேர்ந்தவர், கேமராவைப் போடவே மாட்டார். போன மாதம் கை தவறிப் போட்டுவிட்டார். தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஜன்னல் கறுப்பாக இருந்தது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அங்கே மணி என்ன?" என்று கேட்டேன்.

"இரண்டு."

"மத்தியானமா?"

அவர் சிரித்தார். பதினைந்து பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்று புவியியல் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆறு மாதமாக அதை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை, அக்கா. உனக்குத் தெரிந்திருந்ததா? மாற்றலாம் என்று இருந்தாயா?

"நேரத்தை மாற்றச் சொல்லி ஏன் கேட்கவில்லை?" என்றேன். கென்யாவின் வஞ்சிரு அக்காதான் பதில் சொன்னார். "இது தேன்மொழி வைத்த நேரம். இன்னும் அவள் பெயரில்தான் அழைப்பு வருகிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கதவைத் திறக்கிறார். உங்களுக்கு இது வேண்டியிருக்கிறது என்று நினைத்தோம்."

"உங்களுக்கு வேண்டியிருக்கிறது என்று நான் திறந்தேன்" என்றேன்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அப்பா, "அந்தாளு தூக்கக் கலக்கத்துல திருத்துனா வெளங்குமா? அதான் நேத்துத் தோட்டத்துல காயிற வெயில்ல எண்பது மில்லிமீட்டர் மழைன்னு காட்டிருக்கு" என்றார். அது பெத்ரோவின் பிழை இல்லை, உன்னுடையது, நாங்கள் திருத்திவிட்டோம். அம்மா சிரிக்கவில்லை. "அப்ப அந்த மணி இனிமே அடிக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

நேரத்தை மாற்றும் உரிமையைப் பெத்ரோவும் மற்றவர்களும் நம்மிடம் விட்டுவிட்டார்கள். நான் அம்மாவிடம் விட்டுவிட்டேன். மூன்று நாள் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான்காம் நாள் எனக்குத் தலை பின்னும்போது, "கைப்பிள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக் கெடக்கான். எனக்கு என்னடி மணிச்சத்தம்? வெரசா மாத்து" என்றாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள்.

உன் கணக்கிலிருந்து அழைப்பை நீக்கப் போனேன். காலண்டர் என்னிடம் கேட்டது: இந்த ஒரு நாள் மட்டுமா? இதுவும் இனி வருபவையுமா? எல்லாமா? எல்லாம் என்றால் நீ நடத்திய கூட்டங்களும் காலண்டரிலிருந்து போய்விடும். நடுவில் இருந்ததை அழுத்தினேன். உன் சனிக்கிழமைகள் அப்படியே இருக்கின்றன. நான் கதவு திறந்த சனிக்கிழமைகளும் உன் பெயரிலேயே இருக்கின்றன.

புதிய நேரம் மாலை ஆறு மணி. பெத்ரோவுக்குக் காலை ஒன்பதரை. போன சனிக்கிழமை முதல் கூட்டம் நடந்தது. பெத்ரோவின் ஜன்னலில் வெயிலும், அதற்குப் பின்னால் மலையும் தெரிந்தன. குழந்தை விழித்திருந்தது. வஞ்சிரு அக்கா பேச ஆரம்பித்ததும் அப்பா ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. "யண்ணே, பைய இங்கிட்டுக் கொண்டா!" என்று யாரோ கத்தினார்கள். வஞ்சிரு அக்கா பேச்சை நிறுத்திவிட்டு, "தேன் சொன்ன ஜீப்புகள் இவைதானா?" என்றார்.

இன்னொன்றும் செய்தேன். புதிய அழைப்பு என் பெயரில் போகிறது. அழைப்பு போகவேண்டியவர்கள் பட்டியலில் உன் முகவரியையும் சேர்த்திருக்கிறேன். ஐந்து ஐம்பதுக்கு உன் போன் அடித்தது. அம்மா கிட்டங்கியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். அவளிடம் நான் முன்பே சொல்லியிருக்கவில்லை.

பட்டியலில் மற்றவர்கள் பெயருக்கு எதிரே 'வருகிறார்' என்று இருக்கிறது. உன் பெயருக்கு எதிரே 'பதில் இன்னும் வரவில்லை' என்று இருக்கிறது. அதை நான் நீக்க மாட்டேன். புதிதாக யார் வந்தாலும், பெயரைக் கேட்ட கையோடு, உங்கள் ஊரில் இப்போது பகலா இரவா என்றும் கேட்பேன். இது சத்தியம்.

ஆறு மணிக்குக் கதவு திறக்கும்
உன் தங்கச்சி,
கயல்